பிரான்குசி பட்டறை: கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பது போதுமா?

உளிச்சத்தம் (திரி தொடங்கியவர்)
பாரிஸின் நவீன கலை அருங்காட்சியகமான பொம்பிடூ மையம் புதுப்பிப்பு வேலைக்காக 2025-இல் மூடப்பட்டது. அதன் எதிரே இருக்கும் பிரான்குசி பட்டறையும் மூடிக்கிடக்கிறது, அதைப் பற்றி இப்போதாவது பேசியாக வேண்டும். ருமேனியாவில் பிறந்த சிற்பி கான்ஸ்டன்டின் பிரான்குசி 1956-இல் தன் பட்டறை முழுவதையும் பிரெஞ்சு அரசுக்கு உயில் எழுதிவைத்தார். மறு ஆண்டே இறந்துவிட்டார். இப்போதுள்ள கட்டடம் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்தது, 1997-இல் திறக்கப்பட்டது. நடுவில் பட்டறை, சுற்றிலும் கண்ணாடி, அதற்கு வெளியே நாம். மூடும்வரை உள்ளே கால் வைக்க முடிந்ததில்லை.

எனக்கு இது ஒப்பவில்லை. மெருகேற்றிய வெண்கலம் நாம் நகர நகரத்தான் உயிர் பெறும். ஓரடி தள்ளி நின்றால் ஜன்னல் வெளிச்சம் அவருடைய பறவைச் சிற்பத்தின் முதுகில் வழுக்கி இறங்கும், இன்னும் கிட்டே போனால் நம் முகமே நீண்டு வளைந்து அதில் தெரியும். கண்ணாடிக்கு வெளியே நிற்பவருக்கு முதலில் தெரிவது தன் சட்டைதான். சிற்பத்தை இப்படிக் காட்டலாமா?

மண்குதிரை
நீங்கள் ஒவ்வொரு சிற்பத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறீர்கள். அவர் அப்படிப் பார்க்கவில்லையே. கடைசிக் காலத்தில் புதிதாகச் செய்வதைக் குறைத்துக்கொண்டு, இருப்பவற்றை இடம் மாற்றி வைத்துப் பார்ப்பதிலேயே நேரத்தைச் செலவிட்டார். ஒன்று விற்றுப்போனால் அதே இடத்தில் அதன் பிளாஸ்டர் பிரதியை வைப்பார். அதாவது, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் அவர் செய்த சிற்பம்தான். உள்ளே 137 சிற்பங்கள், 87 பீடங்கள் இருந்தன. ஆட்களை விட்டால் முதலில் நடைபாதை கேட்பார்கள், அப்புறம் கயிறு கட்டுவார்கள், அப்புறம் ஒரு தூணைச் சுவரோரம் நகர்த்துவார்கள். பத்து வருடத்தில் அது பிரான்குசி வைத்த பட்டறையாக இருக்காது.

லாஷப்பல்வாசி
நான் பாரிஸில் இருக்கிறேன், அங்கே பலமுறை போயிருக்கிறேன். மண்குதிரை சொல்வதை ஒரு விஷயத்துக்காகவே ஏற்கிறேன்: பீடங்கள். கோடரி வெட்டு அப்படியே தெரியும் ஓக் மரம், அதன்மேல் சுண்ணாம்புக்கல், அதற்கும் மேலே கண்ணாடிபோல வழவழக்கும் வெண்கலம். இந்த அடுக்கை அவரே தேர்ந்தெடுத்து வைத்தார். மற்ற இடங்களில் இதையும் தூக்கி ஒரு வெள்ளைப் பெட்டிமேல் வைத்துவிடுகிறார்கள், பீடத்துக்கே ஒரு பீடம்! இங்கே எல்லாம் அவர் வைத்தபடி தரையிலேயே நின்றன.

உளிச்சத்தம்
பீடம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் முட்டை வடிவப் பளிங்கு ஒன்றுக்குப் ‘பார்வையற்றோருக்கான சிற்பம்’ என்று பெயர் வைத்த மனிதர் இவர். இப்போது அது பிலடெல்பியாவில் இருக்கிறது. கையால் அறிய வேண்டியது சிற்பம் என்று நினைத்தவரை மூன்று தப்படி தள்ளி நின்று பார்க்கச் சொன்னார்கள். ருமேனியாவின் துர்கு ஜியுவில் அவர் 1938-இல் முடித்த ‘முத்த வாயில்’ என்ற கல் வாசலுக்குள் மக்கள் நடந்து போகிறார்கள். 2024-இல் யுனெஸ்கோ அது அடங்கிய சிற்பத் தொகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, அந்த முடிவும் டெல்லிக் கூட்டத்தில்தான் எடுக்கப்பட்டது. அங்கே யாரும் கண்ணாடி போடவில்லை.

மண்குதிரை
வாயில் கல்லால் ஆனது, தாங்கும். அதே ஊரில் உள்ள முடிவிலாத் தூண் வார்ப்பிரும்பு. வெயிலிலும் மழையிலும் நின்றதில் கெட்டுப்போய், பிரித்துச் சீர்செய்து மறுபடி நிறுத்த வேண்டியிருந்தது. பாரிஸில் இருப்பதில் பிளாஸ்டர் நிறைய. வெண்கலத்தில் பட்ட விரல் ரேகையையாவது பக்குவமாகத் துடைத்து எடுக்கலாம். பிளாஸ்டரில் கை அழுக்கு உள்ளே இறங்கிவிட்டால் போகாது, நீங்கள் சிற்பி, உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. ‘லீடா’ என்ற சிற்பத்தை அவரே மோட்டார் வைத்த தட்டில் சுழலவிட்டார். பார்ப்பவர் ஒரே இடத்தில் நிற்க, சிற்பம் திரும்பட்டும் என்றும் அவர் யோசித்திருக்கிறார்.

நொய்யல்
இந்தூர் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தூர் மகாராஜா யஷ்வந்த்ராவ் ஹோல்கர் ஒரு தியானக் கோயில் கட்ட நினைத்து, அவரிடம் ‘விண்ணில் பறவை’ சிற்பங்களை வாங்கினார். அதற்காக பிரான்குசி இந்தியாவுக்கே வந்தார். கோயில் கட்டப்படவில்லை. கறுப்பும் வெள்ளையுமான இரண்டு பளிங்குப் பறவைகளும் இன்று கான்பெராவில் நிற்கின்றன, அவற்றை எப்படி நிறுத்துவது என்பது அங்குள்ள காட்சியகத்தின் முடிவு. சிற்பியே வகுத்த ஒழுங்கு பாரிஸில் மிஞ்சியிருக்கிறது. அதைக் கலைக்கக் கூடாது. ஆனால் கலைக்காமல் காப்பதற்குக் கண்ணாடி ஒன்றுதான் வழியா?

உளிச்சத்தம்
அதைத்தான் நானும் கேட்கிறேன். அவர் உயிரோடு இருந்தபோது அந்தப் பட்டறைக்கு விருந்தாளிகள் வந்தார்கள், தானே சமைத்துப் போட்டார். ஆள் நடக்க இடம் அதே ஒழுங்குக்குள் இருந்தது. எதையும் நகர்த்த வேண்டாம். காலையில் ஒரு மணி நேரம், ஆறேழு பேர், பை இல்லாமல், கூடவே ஒரு காவலர். அதுவும் முடியாதென்றால், ஒரு பக்கக் கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டு முன்னால் கயிறு கட்டுங்கள்.

மண்குதிரை
உள்ளே விடுவதை இன்னும் எதிர்க்கிறேன். தோள் இடித்தால் போதும், ஒரு பிளாஸ்டர் போயிற்று. ஒரு பக்கக் கண்ணாடியை எடுப்பது பற்றிப் பேசலாம். ஆனால் திறந்துவிட்டால் தூசி வரும், தூசியைத் துடைப்பதும் தொடுவதுதான். மாதம் எத்தனை முறை துடைக்க வேண்டியிருக்கும் என்று முதலில் கணக்குப் போட்டுச் சொல்லட்டும், அப்புறம் கண்ணாடியில் கை வைக்கலாம்.