புதுப்பிப்பு: நியூயார்க் நகரப் பல்கலைக்கழகமும் ஆசிரியர்களின் வாக்கும்

நியூயார்க் நகரப் பல்கலைக்கழக அறங்காவலர் குழு 2011இல் ஏற்ற, அதன் கல்லூரிகள் அனைத்துக்கும் பொதுவான ‘பாத்வேஸ்’ பாடத்திட்டத்தை வகுத்ததில் ஆசிரியர்களுக்கு இடமே இருக்கவில்லை என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன், அது சரியன்று. அதை வகுத்த குழுக்களில் ஆசிரியர்கள் இருந்தார்கள்; ஆனால் அவர்கள் நிர்வாகம் நியமித்தவர்களே தவிர, ஆசிரியர் பேரவை தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள் அல்லர்.

அக்கல்லூரிகளுக்கிடையே மாறும் மாணவர் படித்து முடித்த பாடங்களுக்குப் பெற்ற மதிப்பலகுகள் (கிரெடிட்) வீணாகக் கூடாது என்ற திட்டத்தின் நோக்கம் நியாயமானதே. ஆயினும், வாரம் நான்கு மணி நேரம் நடந்த ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியை இத்திட்டத்திற்காக மூன்றாகக் குறைப்பதை 2012இல் அங்குள்ள ஒரு சமூகக் கல்லூரியின் (ஈராண்டுப் படிப்புக் கல்லூரி) ஆங்கிலத் துறை வாக்களித்து மறுத்ததை நான் பெரிதும் மதிக்கிறேன். மாணவரின் வரைவை அருகில் அமர்ந்து வரிவரியாகத் திருத்த அந்த நான்காவது மணி நேரம்தான் உதவும். 2013இல் பாத்வேஸ் குறித்துப் பல்கலைக்கழக ஆசிரியர்களிடையே நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்த முழுநேர ஆசிரியர்களுள் 92 விழுக்காட்டினர் அதில் நம்பிக்கையில்லை என்றனர்; திட்டமோ அவ்வாண்டு இலையுதிர்காலப் பருவத்திலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது.