மாருதி 800க்கு நானே செய்த ட்ரெய்லர் கொக்கி: பிரேக் பிடித்தால் ‘டொக்’ என்று அடிக்கிறது, டிக்கித் தகடும் நெளிந்துவிட்டது

கேள்வி (கந்தப்பளை)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கந்தப்பளையில் கொஞ்ச நிலத்தில் கரட்டும் லீக்ஸும் போடுகிறோம். நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்துக்குக் கொண்டுபோகும் லொறிக்கூலி கட்டுப்படியாகவில்லை. வீட்டில் பழைய மாருதி 800 நிற்கிறது. அதில் சின்ன ட்ரெய்லர் ஒன்றை இழுக்கலாம் என்று, தெரிந்த பாஸ் ஒருவரின் வெல்டிங் கடையில் கூடவே நின்று கொக்கி செய்தேன்.

6 மி.மீ. தகட்டை எல் வடிவில் மடித்து, டிக்கித் தளத்துக்கு அடியில் வைத்து, நான்கு 8 மி.மீ. போல்ட் போட்டு உள்ளே நட் முறுக்கினோம். வொஷர் சாதாரண வொஷர்தான். ட்ரெய்லர் பூட்டும் உருண்டை பழைய சாமான் கடையில் வாங்கியது, தளத்திலிருந்து 15 செ.மீ. கீழே இருக்கிறது. ட்ரெய்லர் வெறுமனே 90 கிலோ. 40 கிலோ மூட்டை ஐந்து ஏற்றுகிறேன். அதற்குத் தனி பிரேக் கிடையாது.

ஏற்றத்தில் நன்றாகத்தான் இழுக்கிறது. இறக்கத்தில் பிரேக்கில் கால் வைத்தால் பின்னாலிருந்து ‘டொக்’ என்று ஓர் அடி. நேற்று வேகம் 40ஐத் தாண்டியதும் ட்ரெய்லர் பாம்பு மாதிரி ஆடத் தொடங்கியது, காரின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. மனைவியும் பிள்ளையும் உள்ளே இருந்தார்கள். வீட்டுக்கு வந்து டிக்கி கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன். பின்வரிசை நட் இரண்டையும் சுற்றித் தகடு கிண்ணம் மாதிரி கீழே குழிந்திருக்கிறது. பெயின்ட் நூல்நூலாக வெடித்திருக்கிறது. ஒரு வெடிப்புக்குள் நகம் போகிறது. எங்கே பிழைத்தேன்?

பதில் (பண்டாரவளை, வெல்டிங் வேலை செய்பவர்)

தம்பி, முதலில் கொக்கியைக் கழற்றிவிடுங்கள். அதோடு இன்னொரு தடவைகூடப் போக வேண்டாம்.

தகடு ஏன் குழிந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ட்ரெய்லரும் சுமையும் 290 கிலோ. பத்துக்கு ஒன்று சரிவில் அது சும்மா நின்றாலே காரை 29 கிலோ அளவு தள்ளும். அதோடு பிரேக்கை ஓரளவு அழுத்திப் பிடித்தால் 150 கிலோவுக்குக் குறையாது. அந்தத் தள்ளல் விழுவது போல்டில் அல்ல, அதற்கு 15 செ.மீ. கீழே உள்ள உருண்டையில். அது நெம்புகோல் வேலை. உங்கள் போல்ட் வரிசைகளுக்கு நடுவே 10 செ.மீ. இருந்தால் பின்வரிசையைக் கீழே இழுக்கும் விசை 200 கிலோவைத் தாண்டும். அதைத் தாங்குவது ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத தகடும் காசளவு வொஷரும். முன்வரிசை ஏன் தப்பியது என்றால், அதன் மேல் முழுப் பாரமும் ஏற்றத்தில் இழுக்கும்போது மட்டும்தான் வரும். அது மெதுவாக வரும் பாரம், அடித்து வருவதில்லை.

அந்த ‘டொக்’ சத்தம் வேறு கதையாக இருக்கலாம். உருண்டையை வேர்னியர் அளவுகோலால் அளந்து சொல்லுங்கள். உருண்டையைக் கவ்வும் ட்ரெய்லர் பக்கக் கிண்ணத்தில் என்ன அளவு குத்தியிருக்கிறது என்றும் பாருங்கள்.

பதில் (ஹட்டன், சாரதி)

ஆட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன். மூட்டைகளை எங்கே வைக்கிறீர்கள்? கதவுப் பக்கம் ஏற்ற வசதி என்று பின்னால் அடுக்கியிருப்பீர்கள். சுமை ஏற்றியபின் ட்ரெய்லர் மூக்கை, அதாவது கொக்கியில் பூட்டும் முனையை, குளியலறைத் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். தராசின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, மூக்கு கொக்கி உயரத்திலேயே நிற்கும்படி பிடியுங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு மூக்கில் இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அண்ணே, அளந்துவிட்டேன். உருண்டை 47.5 மி.மீ. கிண்ணத்தில் 2 அங்குலம் என்று குத்தியிருக்கிறது. மூக்கு எடை 6 கிலோதான்! மூட்டைகள் பின்னால்தான் இருந்தன, சொன்னது சரி.

இங்கே ஒருவர், போல்ட்டே வேண்டாம், தகட்டை வைத்துச் சுற்றிவர வெல்ட் பிடித்தால் அசையாது என்கிறார். செய்யலாமா?

பதில் (பண்டாரவளை)

அந்த உருண்டை 1⅞ அங்குல அளவு, அதாவது 47.6 மி.மீ. 2 அங்குலக் கிண்ணம் 50.8க்கு. மூன்று மி.மீ. இடைவெளியில் அடிப்பதுதான் உங்கள் ‘டொக்’. பூட்டியது போலத்தான் தெரியும். குழியில் விழுந்து எகிறினால் கழன்று போய்விடும். கந்தப்பளை ரோட்டில் அது கழன்றால் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். உருண்டையையும் கிண்ணத்தையும் ஒரே அளவில் மாற்றுங்கள்.

வெல்ட் வேண்டாம். நான் இருபது வருடம் வெல்ட் பிடிப்பவன், அதனால்தான் சொல்கிறேன். மெல்லிய தகட்டில் வெல்ட் போட்டால் அதன் ஓரமே நொய்ந்து, அடுத்த வெடிப்பு அங்கேதான் ஓடும். பெற்றோல் தாங்கியும் பக்கத்திலேயே இருக்கிறது.

இந்தக் காருக்கு அடியில் தனி இரும்புச் சட்டகம் (சேஸி) கிடையாது, உடம்புதான் எல்லாம். ஆனால் தளத்துக்கு அடியில் இரண்டு பக்கமும் நீளவாக்கில் மடித்த பெட்டி மாதிரி ஒன்று ஓடும். பலம் அதில்தான். 50க்கு 50 மி.மீ., 4 மி.மீ. தடிப்புள்ள பெட்டிக் குழாய் ஒன்றைக் குறுக்கே வையுங்கள். இரண்டு முனையிலும் முன்னோக்கி 30 செ.மீ. இரும்புக் கை வையுங்கள், அந்தக் கைகள் பக்கப் பெட்டிகளோடு ஒட்டிப் போகட்டும். ஒவ்வொரு கைக்கும் 10 மி.மீ. போல்ட் மூன்று, தலையில் 8.8 என்று பலத் தரம் குத்தியது. பெட்டிக்குள் துளை போகும் இடத்தில் சின்னக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகுங்கள். இல்லாவிட்டால் முறுக்க முறுக்கப் பெட்டி நசுங்கும், நட் இறுகியது போல ஏமாற்றும். டிக்கிக்குள் வொஷருக்குப் பதில் 5 மி.மீ. பட்டைத் தகடு. துளை போடும் முன் தாங்கி, பிரேக் குழாய், சைலன்சர் எங்கே ஓடுகின்றன என்று படுத்துப் பார்த்துவிடுங்கள். வெடித்த தகட்டை நல்ல டிங்கரிங் பாஸிடம் காட்டித் துண்டு போடுங்கள். பழைய துளையில் புதுப் போல்ட் போட வேண்டாம். உருண்டையையும் மேலே உயர்த்துங்கள், நெம்பு குறையும்.

பதில் (ஹட்டன்)

மூக்கை 20, 25 கிலோவுக்குக் கொண்டுவாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். இது முன்சக்கரம் இழுக்கும் கார். சக்கர இடைவெளி 2.175 மீற்றர். பின்அச்சிலிருந்து முக்கால் மீற்றர் பின்னால் 60 கிலோ தொங்கவிட்டால் முன்சக்கரத்தில் 20 கிலோ குறைந்துவிடும். மழை நாளில் ஏற்றத்தில் முன்சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும்.

சுமையையும் குறையுங்கள். பிரேக் இல்லாத ட்ரெய்லர் கார் எடையில் பாதிக்குள் இருக்கலாம் என்பார்கள். அது தட்டையான ரோட்டுக்காரர் பேச்சு. உங்கள் கார் 650 கிலோ, நான் ட்ரெய்லரோடு சேர்த்து மூன்றில் ஒன்றுக்கு மேல் ஏற்றமாட்டேன். அதாவது மூன்று மூட்டை. 796 சி.சி. இன்ஜினும் 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் காற்று மெலிந்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழந்துதான் ஓடுகிறது.

இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராதீர்கள். கருகிய வாசனை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றவே வேண்டாம். ஆட்டம் வந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பி அடக்கப் பார்க்காதீர்கள், நேராகப் பிடித்து அக்சிலேட்டரை மட்டும் விடுங்கள்.

பதில் (மாத்தளை, கராஜ் எலெக்ட்ரீசியன்)

லைட் பற்றி யாரும் சொல்லவில்லை. அங்கே மூடுபனி இறங்கினால் ட்ரெய்லருக்குப் பின்னால் வருபவருக்கு உங்கள் காரின் பிரேக் லைட் தெரியாது. ஏழு முனை சொக்கெட் ஒன்று போட்டு டெயில், பிரேக், சிக்னல் மூன்றையும் ட்ரெய்லருக்குக் கொடுங்கள். சிக்னல் வேகமாகத் துடித்தால் பழைய ஃபிளாஷர்தான் காரணம், கூடுதல் பல்புக்கு ஏற்றதை வாங்கிப் போடுங்கள். லைட்டுகளின் நில இணைப்பை (எர்த்) உருண்டை வழியாக நம்பாமல் தனிக் கம்பி இழுங்கள், கிரீஸும் துருவும் அதைத் தடுத்துவிடும்.

பாதுகாப்புச் சங்கிலி இரண்டைக் குறுக்காகப் போடுங்கள். கொக்கி கழன்றாலும் மூக்கு சங்கிலி மேல் விழும், ரோட்டில் குத்தாது. ட்ரெய்லர் பதிவு பற்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக்காரரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர் (மூன்று வாரத்துக்குப் பின்)

எல்லாம் முடிந்தது அண்ணே. தகட்டைத் துண்டு வைத்துப் பிடித்தோம். பெட்டிக் குழாய், கைகள், உள்ளே குழாய்த் துண்டு, எல்லாம் சொன்னபடி. கிண்ணமும் உருண்டையும் இப்போது இரண்டும் 2 அங்குலம். மூன்று மூட்டையை அச்சுக்கு மேலேயே கொஞ்சம் முன்னால் வைத்து நிறுத்தேன், மூக்கு 22 கிலோ.

நேற்று விடியற்காலையில் தனியாகத்தான் போனேன். இரண்டாம் கியரில் இறங்கினேன், வேகம் 30க்கு மேல் விடவில்லை. சத்தம் இல்லை, ஆட்டமும் இல்லை. நுவரெலியாவில் நிறுத்தியதும் கார்பெட்டைத் தூக்கி நட்டெல்லாம் விரலால் தடவிப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. மீதி இரண்டு மூட்டைக்கு இரண்டாவது நடை போகிறேன். பெற்றோல் கூடத்தான் செலவாகிறது, பரவாயில்லை. பிள்ளையை மட்டும் ட்ரெய்லர் பூட்டியிருக்கும்போது இன்னும் ஏற்றவில்லை.