நாலு கிளையையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோகலாமா? பட்டவர்கள் சொல்லுங்கள்

நாலுகிளை

எங்கள் நிறுவனம் நான்கு ஊர்களில் இயங்குகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு கிடங்கு, வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் சிறு குழு, கணக்குப் பிரிவு, சின்னதாக ஒரு சர்வீஸ் பட்டறை. எல்லாவற்றையும் ஒரே வளாகத்துக்கு மாற்றிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு ஓடுகிறது. ஆலோசகர் காட்டிய 38 ஸ்லைடில் 30 சேமிப்பைப் பற்றி. இடம் மாறவேண்டிய ஆட்களைப் பற்றி ஒன்றே ஒன்று, அதிலும் சிரித்த முகங்களின் படம்தான். இதைப் பற்றி நான் ஒரு குறிப்பு எழுதித் தரவேண்டும். படித்ததைவிட நீங்கள் பட்டதைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கிடங்குக்காரன்

நாங்களும் நாலிலிருந்து ஒன்றுக்கு வந்தவர்கள்தான். உங்கள் ஆலோசகர் வர்க்கமூல விதியைக் கட்டாயம் காட்டியிருப்பார். டேவிட் மைஸ்டர் 1976இல் எழுதியது: கிடங்குகளை ஒன்றாக்கினால் பாதுகாப்பு இருப்பு, அதாவது தேவை திடீரென ஏறினால் சமாளிக்க வைக்கும் கூடுதல் சரக்கு, கிடங்குகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். நாலு ஒன்றானால் பாதி, ஒன்பது ஒன்றானால் மூன்றில் ஒரு பங்கு. கணக்கு சரி. ஆனால் அதற்குள் ஓர் அனுமானம் இருக்கிறது. ஓர் ஊரில் தேவை ஏறும்போது இன்னோர் ஊரில் இறங்கலாம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் சரக்கோ சீசன் வந்தால் நாலு ஊரிலும் ஒரே வாரத்தில் பறக்கும். அப்படிப்பட்ட சரக்கில் பாதியாவது, காலாவது.

அது போகட்டும், எனக்கு மறக்காதது பம்ப் சீல் கிட். உள்ளங்கை அளவு அட்டைப்பெட்டி. முன்பு எங்கள் சர்வீஸ் ஆள் கவுன்டரில் வந்து நிற்பார், ஸ்டோர்கீப்பர் பின்னால் திரும்பி எடுத்துக் கொடுப்பார், கையெழுத்து, முடிந்தது. பத்து நிமிடம். ஒரே கிடங்கு ஆனபிறகு அதே பெட்டிக்கு சிஸ்டத்தில் ஆர்டர், எடுத்து வைத்தல், பேக்கிங், லாரி, மறுநாள் மதியம். அதுவரை வாடிக்கையாளரின் மெஷின் நிற்கும்.

சர்வீஸ் ஆட்கள் எத்தனை நாள் திட்டு வாங்குவார்கள்? ஒன்று கேட்கிற இடத்தில் ஐந்து கேட்டு, மீதியை வண்டி டிக்கியில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். புத்தகத்தில் அவை செலவான சரக்கு. ஆண்டு முடிவில் இருப்பு 40 சதவீதம் குறைந்ததாக அறிக்கை போய், கைதட்டலும் கிடைத்தது. அப்புறம் ஒரு நாள் எனக்குச் சந்தேகம் வந்து எல்லா வண்டியின் டிக்கியையும் திறக்கச் சொன்னேன். நாங்கள் மூடிய மூன்று கிடங்கில் ஒன்று அங்கே இருந்தது.

இப்போது மெதுவாக நகரும் சரக்கு மட்டும் ஒரே இடத்தில். வாரம் நாலைந்து முறை கேட்கப்படும் 60 சாமான்களை அந்தந்த ஊரில் ஓர் அலமாரியில் வைத்திருக்கிறோம். முதல் நாளே இப்படிச் செய்திருந்தால் மூன்று வருடத் திட்டு மிச்சம்.

ஹெட்செட்

அழைப்பு மையத்தில் ஒன்றாக்குவதற்கு நான் முழு ஆதரவு. டென்மார்க்கின் கணிதவியலாளர் எர்லாங் நூறு வருடத்துக்கு முன் டெலிபோன் இணைப்பகத்துக்காகப் போட்ட கணக்கு இன்றும் செல்லும். உதாரணத்துக்கு, நாலு மையம், ஒவ்வொன்றிலும் 5 பேர், மணிக்கு 48 அழைப்பு, ஓர் அழைப்புக்கு 5 நிமிடம் என்று வையுங்கள். அழைப்பவர் சராசரியாக மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் காத்திருப்பார். அதே 20 பேரையும் ஒரே வரிசைக்குப் பின்னால் உட்காரவைத்தால் சுமார் 20 விநாடி. ஒரு ஆளைக்கூடக் கூட்டவேண்டாம். ஓர் ஊரில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னோர் ஊரில் ஒருவர் சும்மா இருப்பாரே, அந்தச் சும்மா இருக்கும் நேரம்தான் இங்கே பயன்படுகிறது.

எங்கள் ஆட்கள் இதைப் படித்துவிட்டு 20 பேரையும் ஒரே கட்டடத்துக்கு இழுத்தார்கள். ஒன்றாக்க வேண்டியிருந்தது வரிசையைத்தானே? நாலு ஊரில் இருந்தபடியே ஒரே வரிசையிலிருந்து அழைப்பை எடுக்க அப்போதே மென்பொருள் இருந்தது. இடம் மாறி ஏழாவது மாதம், கட்டடத்துக்கு வரும் இணைப்பை யாரோ சாலை தோண்டும்போது வெட்டிவிட்டார்கள். மூன்று மணி நேரம் 20 பேரும் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டூல்ரூம்

ஹெட்செட் சொன்னதையொட்டி. 1997 பிப்ரவரி 1ஆம் தேதி ஜப்பானில் ஐசின் ஆலையில் தீ. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கான பி-வால்வு கிட்டத்தட்ட முழுக்க அந்த ஒரே ஆலையில்தான் தயாரானது. கையில் மிகக் குறைந்த இருப்பு மட்டுமே. டொயோட்டாவின் ஜப்பான் ஆலைகள் ஏறக்குறைய எல்லாமே நின்றுபோயின. சுமார் ஒரு வாரத்தில் அவை மீண்டுவிட்டன என்பது இன்னும் பெரிய ஆச்சரியம். பி-வால்வையே செய்து பழகாத நிறுவனங்கள்கூட, மொத்தம் 200 அளவில், ஆளுக்குக் கொஞ்சமாகத் தங்கள் பட்டறைகளில் கடைந்து கொடுத்தன. ஒரே இடத்தில் குவித்ததால் வந்த வினையை, பல இடத்தில் சிதறிக் கிடந்த கைகள் தீர்த்தன.

உங்கள் நாலு பட்டறையில் ஒன்று நின்றால் மற்ற மூன்று தாங்குமா என்று முதலில் பாருங்கள். இப்போது தாங்குகிறது என்றால் அது ஒரு சொத்து. எந்த ஸ்லைடிலும் அது வராது.

பழைய கணக்காளர்

கணக்குப் பிரிவைத் தயங்காமல் ஒன்றாக்குங்கள் தம்பி. நாங்கள் ஒன்றாக்கியபோது ஒரே சப்ளையர் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் மூன்று கிளைப் புத்தகத்தில் இருந்ததும், ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போயிருந்ததும் தெரியவந்தது. மாதக் கணக்கு முடிக்க 9 நாள் ஆனது, 4 நாளில் முடிந்தது.

ஒன்று மட்டும். 11 பேரை வரச் சொன்னோம், 3 பேர் வந்தார்கள். பிள்ளைகள் பள்ளி, வயதான பெற்றோர், கணவர் வேலை என்று ஆளுக்கொரு காரணம், எல்லாமே நியாயம். வராதவர்களில் ஒரு அம்மா, பில்லின் தாளைத் தொட்டே இது போன மாதம் வந்த பில்லின் நகல் என்று சொல்லிவிடுவார். ஒப்படைப்புக் குறிப்பில் அதை எப்படி எழுதுவது? ஆறு மாதமாவது பழைய ஊரிலிருந்தே வேலை செய்யவிட்டிருக்கலாம்.

நாலாவது மாடி

ஒரே வளாகத்தில் இருந்தால் எல்லோரும் கலந்து பேசுவார்கள் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஆலன் 1970களிலேயே அளந்து காட்டியிருக்கிறார்: இருக்கைகளுக்கு இடையே 50 மீட்டர் தாண்டினால் வாரம் ஒருமுறை பேசுவதே அரிதாகிவிடுகிறது. நாங்கள் நாலாவது மாடி, டிசைன் குழு முதல் மாடி. வேறு ஊரில் இருந்தபோது திங்கள்தோறும் போனில் பேசுவோம். ஒரே கட்டடத்துக்கு வந்தபிறகு, பக்கத்தில்தானே இருக்கிறார்கள் என்று அந்த அழைப்பையும் நிறுத்திவிட்டோம். லிஃப்டில் பார்த்தால் தலையாட்டுகிறோம்.

நாலுகிளை

எல்லோருக்கும் நன்றி. குறிப்பைத் திருத்தி எழுதிவிட்டேன். கணக்குப் பிரிவு ஒரே இடம், ஆனால் வர முடியாதவர்களுக்கு ஆறு மாத அவகாசம். அழைப்புகளுக்கு ஒரே வரிசை, ஆட்கள் அவரவர் ஊரில். பட்டறைகளைத் தொடவேண்டாம். கிடங்குக்கு எதுவும் எழுதவில்லை. சாமான் வாரியாக எத்தனை முறை கேட்கிறார்கள் என்ற கணக்கு வந்தபிறகு பார்க்கலாம் என்று விட்டிருக்கிறேன். மேலிடம் ஒத்துக்கொள்ளுமா தெரியாது, அந்தச் சிரித்த முகங்களின் ஸ்லைடு அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

கிடங்குக்காரரே, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு இன்று காலை எங்கள் சர்வீஸ் வண்டி இரண்டைத் திறக்கச் சொன்னேன். நாங்கள் இன்னும் ஒரு கிடங்கைக்கூட மூடவில்லை, பேச்சு மட்டும்தான் வெளியே போயிருக்கிறது. ஒரு டிக்கியில் 17 சீல் கிட்.