குளிர்காலம்: ஒரு தேனீப் பெட்டியில் சத்தமே இல்லை, திறந்து பார்க்கலாமா?

கேள்வி

வணக்கம். தேனீ வளர்ப்பில் எனக்கு இது முதல் குளிர்காலம். இரண்டு பெட்டிகள், இரண்டிலும் ஐரோப்பியத் தேனீக்கள். மூன்று வாரமாக வெப்பநிலை 0 டிகிரியைத் தாண்டவே இல்லை. முதல் பெட்டியின் மேல்மூடியில் காதை வைத்தால் ரீங்காரம் தெளிவாகக் கேட்கிறது. இரண்டாவதில் எதுவும் கேட்கவில்லை. போதாக்குறைக்கு அதன் வாசலுக்கு முன்னால் பனியில் நாற்பது ஐம்பது தேனீக்கள் செத்துக் கிடக்கின்றன. ஒன்றை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தேன். கால்கள் மடங்கி, எடையே இல்லாமல் உமி மாதிரி இருந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை. மூடியைத் திறந்து, தேனடை கட்டியிருக்கும் மரச்சட்டங்களில் ஒரே ஒரு சட்டத்தை மட்டும் தூக்கிப் பார்க்கலாமா?

பதில் 1

திறந்துவிடாதீர்கள் தம்பி. உங்கள் பதற்றம் புரிகிறது, ஆனால் இந்தக் குளிரில் சட்டத்தைத் தூக்கினால் உயிரோடு இருப்பதும் செத்துப்போகும்.

தேனீ குளிர்காலம் முழுக்கத் தூங்குவதில்லை. குளிர் ஏறியதும் ராணியை நடுவில் வைத்துக்கொண்டு எல்லாம் ஒட்டி ஒரு கொத்தாகிவிடும். இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் நடுங்கவிட்டு வெப்பம் உண்டாக்கும். புழு வளர்ந்தால் கொத்தின் நடுவில் சுமார் 35 டிகிரி இருக்கும். வெளி ஓரத்தில் 10 டிகிரி அளவுதான். சட்டத்தை இழுத்தால் கொத்து இரண்டாகப் பிளக்கும். பிரிந்து கிடப்பவை நகர முடியாமல் விறைத்துவிடும்.

பனியில் கிடப்பவற்றைப் பார்த்து நான் சந்தோஷப்படுவேன். குடும்பமே அழிந்திருந்தால் செத்தவை உள்ளே அடிப்பலகையில் குவிந்து கிடக்கும். வெளியே கிடக்கின்றன என்றால், இழுத்துப் போட உள்ளே ஆள் இருக்கிறது. அல்லது வயதானவை கொஞ்சம் வெயில் கண்டதும் வெளியே வந்து விழுந்திருக்கும். குளிர்காலம் முடிவதற்குள் ஒரு நல்ல குடும்பத்திலேயே ஆயிரக்கணக்கில் சாகும்.

சத்தம் கேட்காததற்குக் காரணம், கொத்து கீழ்ப்பெட்டியில் இறுக்கமாக இருப்பதாக இருக்கலாம். மேல்மூடியில் கேட்காதீர்கள். கீழ்ப்பெட்டியின் பக்கப் பலகையில் காதை ஒட்டி, விரல் முட்டியால் ஒரே ஒரு தட்டு. ‘உஸ்’ என்று எழுந்து உடனே அடங்கினால் நலம். முனகல் மாதிரி நீளமாக இழுத்தால் ராணி இல்லாமல் போயிருக்கலாம். ஸ்டெதஸ்கோப் கிடைத்தால் இன்னும் நல்லது. தினமும் தட்டாதீர்கள், ஒவ்வொரு தடவையும் கொத்து கலைந்து தேனை வீணாக்கும்.

எனக்குக் கவலை உங்கள் முதல் பெட்டியைப் பற்றித்தான். மேல்மூடியிலேயே தெளிவாகக் கேட்கிறது என்றால் கொத்து உச்சிக்கு ஏறிவிட்டது. தேனீக்கள் தேனைத் தின்றுகொண்டே மேலே ஏறும், அதனால் உச்சிக்கு வந்துவிட்டால் தேன் தீரும் நிலையில் இருக்கலாம். இரண்டு பெட்டிகளையும் பின்பக்கம் பிடித்து இரண்டு விரற்கடை தூக்கிப் பாருங்கள். எது கனக்கிறது?

கேட்டவர்

இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன் அண்ணா. இரண்டாவதில் தட்டியதும் மெல்லிய ‘உஸ்’ கேட்டது! மூன்று நான்கு வினாடியில் அடங்கிவிட்டது. பெட்டியை அசைக்கவே முடியவில்லை, அத்தனை கனம். முதல் பெட்டி ஒரு கையாலேயே எழும்பிவிட்டது. சர்க்கரைப் பாகு வைக்கட்டுமா?

பதில் 2

பாகு வேண்டாம். குளிரில் அதில் இருக்கும் தண்ணீரை வற்றவைக்க அவற்றால் முடியாது, பெட்டிக்குள் ஈரம்தான் கூடும். குளிரைவிட ஈரம் பொல்லாதது. ஒரு கிலோ தேனைத் தின்றால் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எடைக்குத் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. அது குளிர்ந்த மூடியில் படிந்து கொத்தின் மேலேயே சொட்டும். நனைந்த தேனீ பிழைப்பது கடினம். உள்மூடிக்கு மேல் தடிப்பான வெப்பக்காப்புப் பலகை வையுங்கள். பெட்டியை வாசல் பக்கம் லேசாகச் சாய்த்துவிடுங்கள்.

உணவுக்கு: காற்று இல்லாத, கொஞ்சம் இளகிய மதியமாகப் பார்த்து மூடியை மட்டும் எடுங்கள். சட்டங்களின் மேல் ஒற்றைச் செய்தித்தாள், கொத்துக்கு நேர் மேலே வெள்ளைச் சர்க்கரை இரண்டு கிலோ. சர்க்கரையில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் கட்டிப்படும். மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே இடம் வேண்டும், அதற்கு ஒரு மரச்சட்டகம் முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வேலையும் ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும். பழுப்புச் சர்க்கரை வைத்தால் வயிற்றுப்போக்கு வரும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத தேனையும் வைக்காதீர்கள், புழு அழுகல் நோயின் வித்துகள் அதில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.

தள்ளிப் போடாதீர்கள். குளிர்காலப் பின்பகுதியில் ராணி மறுபடி முட்டையிட ஆரம்பித்ததும் தேன் மளமளவென்று கரையும். பட்டினிச் சாவு அதிகம் நடப்பது அப்போதுதான்.

பதில் 3

தம்பி, இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். போன குளிர்காலத்தில் எனக்கு ஒரு பெட்டி போனது. தேனீயின் உடம்பில் ஒட்டி வாழும் வரோவா உண்ணியை இலையுதிர் காலத்தில் கணக்கெடுக்காமல் விட்டுவிட்டேன். பெட்டி நிறையத் தேன், ஆனால் ஒரு பிடித் தேனீக்கள் ராணியைச் சுற்றிச் செத்திருந்தன. தேனடையின் காலி அறைகளின் மேல்சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பொரிந்த மாதிரி ஒட்டியிருந்தது. அது உண்ணியின் கழிவு. பட்டினியால் செத்தால் காட்சி வேறு. தலையை அறைக்குள் விட்டு, பின்பாகம் மட்டும் வெளியே தெரியும்.

அதனால் கனமாக இருக்கிறது என்று இரண்டாவதை அப்படியே விட்டுவிடாதீர்கள். கோடையில் ஒரு பணித்தேனீ ஆறு வாரம் வாழ்ந்தால் அதிகம், குளிர்காலத் தேனீ ஐந்தாறு மாதம் தாங்க வேண்டும். உண்ணி உறிஞ்சிய உடம்பு அவ்வளவு நாள் தாங்காது. இலையுதிர் காலத்தில் உண்ணி மருந்து போட்டீர்களா?

கேட்டவர்

போட்டேன் அக்கா, இரண்டுக்கும். அந்த மட்டில் நிம்மதி.

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். சர்க்கரையை அன்றைக்கே வைத்துவிட்டேன். மூடியை எடுத்ததும் கொத்து உச்சியிலேயே உட்கார்ந்திருந்தது, எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் என் பக்கம் நிமிர்ந்தன. நேற்று 11 டிகிரி, நல்ல வெயில். இரண்டு பெட்டியிலிருந்தும் தேனீக்கள் வெளியே வந்து பறந்தன, பனி முழுக்க மஞ்சள் எச்சப் புள்ளி. பல வாரமாக அடக்கி வைத்திருந்திருக்கின்றன, பாவம். முதல் பெட்டி வாசலில் செய்தித்தாளைப் பொடிப்பொடியாகக் கடித்துத் தள்ளிக்கொண்டிருந்தன. ஒரு துண்டில் ‘நாளை’ என்ற எழுத்து மட்டும் முழுசாக இருந்தது. எடுத்து வைத்திருக்கிறேன்.