தயிரை விட்ட கதை

பிறந்ததிலிருந்து சைவம் என்பதால், பால், தயிர், நெய்யையும் விட்டு வீகன் ஆவது எனக்கு ஒரு நாள் வேலை என்று நினைத்தேன். தயிர்சாதத்தில் வளர்ந்தவனுக்கு அது அவ்வளவு சுலபமில்லை.

சின்ன வயதில் திருவல்லிக்கேணியில் எங்கள் தெருவுக்கு மாட்டை ஓட்டி வந்து வாசலிலேயே கறந்து கொடுப்பார் பால்காரர். கக்கத்தில் ஒரு கன்றுக்குட்டி இருக்கும். செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து, குச்சிக் கால் வைத்துத் தைத்தது. முன்னால் நிறுத்தினால் மாடு அதை நக்கும், பால் சுரக்கும். நக்கி நக்கியே ஒரு பக்கம் ரோமம் போய் வழுக்கையாகியிருந்தது. அப்போது எங்களுக்கு அது ஒரு பொம்மை, அவ்வளவுதான். முப்பது வருஷம் ஞாபகத்துக்கே வரவில்லை. 46 வயதில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 168 என்று ரிப்போர்ட் வந்து, டாக்டர் "நெய்யைக் குறைங்க" என்றபோது ஏனோ அந்த வழுக்கைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அம்மாவுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "பால் வேண்டாம், சரி. நெய் என்னடா பண்ணிச்சு? அது உருக்கினதுதானே!"

தயிருக்கு மாற்று நிலக்கடலை. இரவு ஊறவைத்து, தோலுரித்து, அரைத்து வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். வெதுவெதுப்பாக ஆறியதும் ஏழெட்டு மிளகாய்க் காம்பைப் போட்டு மூடி வைத்தால், சென்னை வெக்கைக்கு மறுநாள் காலையில் உறைந்துவிடும். வெறுமனே சாப்பிட்டால் கடலை வாசனை தூக்கும். பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து மோராக்கினால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அம்மாவைத் தவிர.

ஆறு மாதத்தில் எல்டிஎல் 131. அதில் பால் ஸ்வீட்டை நிறுத்தியதற்கும் பங்கு இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இரண்டாம் வருஷம் பாதம் மதமதவென்று ஆகி, பார்த்தால் வைட்டமின் பி12 குறைந்து 148தான். செடி கொடியிலிருந்து அது நம்பும்படி கிடைக்காது. பாலையும் விட்டால் மாத்திரை கட்டாயம். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள், அதுவும் பி12-ஐக் குறைக்கும்.

இன்னொன்று, பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம், அவ்வளவே. பால் பவுடர் உள்ளே இருக்கலாம். வீகனுக்குத் தனி முத்திரை இருக்கிறது.

ராயபுரம் நண்பர்:
நான் காசிமேட்டுப் பக்கம். வஞ்சிரத்தை விட்டேன், பிரியாணியை விட்டேன், டீயை விடத்தான் முடியவில்லை. டீக்கடையில் பால் இல்லாமல் கேட்டால், "என்ன தம்பி, வயிறு சரியில்லையா?" என்று இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கொடுக்கிறார். இரண்டு வருஷமாக என் வயிறு சரியில்லை.

அம்பத்தூர் தோழி:
பாலை விட்ட ஜோரில் குருமா, ஆப்பம், பாயசம் எல்லாவற்றுக்கும் தேங்காய்ப்பாலை ஊற்றினேன். எல்டிஎல் கொஞ்சம் ஏறியே விட்டது. தேங்காயில் கொலஸ்ட்ரால் கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். அதிலிருக்கும் நிறைகொழுப்பு அந்த வேலையைப் பார்த்துவிடும் என்பதை யாரும் சொல்லவில்லை. இப்போது வாரம் ஒரு நாள்தான். அந்த மிளகாய்க் காம்பு பச்சை மிளகாயுடையதா, வற்றலுடையதா?

திருவல்லிக்கேணி:
இரண்டிலும் உறையும். பச்சை மிளகாய் என்றால் காம்போடு சதையும் ஒட்டிக்கொண்டு வராமல் கிள்ளுங்கள். முதல் தடவை எங்கள் வீட்டுத் தயிர் காரமாக இருந்தது.