வேட்பாளரின் பழைய வணிகத்தை எப்படி எடைபோடுவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் தோட்டப்புறப் பட்டணத்தில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வரும் ஒருவர், 2012-இல் மலிவு வீடு கட்டித் தருவதாகச் சொல்லி, என் தந்தை உட்படப் பால்மரத் தொழிலாளர்கள் பலரிடம் தலைக்கு 3,000 ரிங்கிட் முன்பணம் வாங்கிய நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். வீடு எழும்பவில்லை, எழுத்து மங்கிய ரசீது மட்டும் அப்பாவின் பிஸ்கட் டின்னில் கிடக்கிறது. எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவேட்டில் கட்டணம் செலுத்திப் பார்த்தேன்: 2015-இல் அவர் விலகியிருக்கிறார், நிறுவனம் பின்னர் கலைக்கப்பட்டிருக்கிறது. திவால் இலாகாவில் தேடியும் அவர் பெயர் இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 48-ஆவது பிரிவு விடுவிக்கப்படாத திவாலானவரைத் தடுக்குமே தவிர, வாங்கிய முன்பணத்துக்குப் பதில் சொல்லாதவரை அல்ல. நேரில் கேட்டபோது, கூட்டாளி ஏமாற்றிவிட்டதாகச் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். தொழில் நொடித்ததா, ஏமாற்றினாரா என்று பிரித்தறிய, இனி நான் எந்த ஆவணத்தைத் தேட வேண்டும்?