கல்லடியில் புது வாடகை வீடு, கட்டிலில் மூட்டைப்பூச்சியா?

புதுவீட்டுக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். கல்லடியில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து மூன்று கிழமை ஆகிறது. வீட்டுக்காரர் பழைய தேக்கங்கட்டிலையும் தும்பு மெத்தையையும் விட்டுவிட்டுப் போயிருந்தார், நல்ல கட்டில்தானே என்று நாங்களும் அதிலேயே படுத்தோம். போன கிழமையிலிருந்து என் மூன்று வயது மகளின் கையில் விடிய எழும்பினால் சிவந்த தடிப்பு, நாலைந்து ஒரே வரிசையில், கோடு போட்டதுபோல். நுளம்பு என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் நாங்கள் படுப்பது வலைக்குள். எனக்கும் இடுப்புப் பக்கம் இரண்டு. என் கணவருக்கு ஒன்றுமே இல்லை, அதனால் “உனக்குச் சும்மா பயம்” என்கிறார். நேற்று பெட்சீட்டை எடுத்துப் பார்த்தால் மெத்தை ஓரத் தையலில் பேனா முனையால் குத்தியதுபோல் கறுப்புப் புள்ளிகள், பூச்சி மட்டும் கண்ணில் படவில்லை. இது மூட்டைதானா? டோர்ச்சை வைத்துக்கொண்டு பிள்ளைக்குப் பக்கத்தில் முழித்துக் கிடக்கிறேன். சனிக்கிழமை களுவாஞ்சிகுடிக்கு அம்மா வீட்டுக்குப் போக வேண்டும், அங்கேயும் கொண்டுபோய் விட்டுவிடுவேனோ என்று வேறு பயமாக இருக்கிறது. என்ன மருந்து அடிப்பது?

வந்தாறுமூலை போர்டிங்:
அக்கா, மருந்தை விடுங்கள், முதலில் அந்தப் புள்ளியை ஈரப் பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். துருப்பிடித்த நிறத்தில் இழுபட்டால் அது மூட்டையின் எச்சம், குடித்த இரத்தம்தான் அப்படிக் காய்ந்து போகிறது. கம்பஸ் காலத்தில் போர்டிங்கில் ஒரு வருசம் இதோடு கிடந்தவன் நான். என் அறை நண்பனுக்கும் ஒரு தடிப்புக்கூட வரவில்லை, அவனுக்குக் கடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, சிலருடைய தோல் அதைக் காட்டாது. அண்ணாவிடம் இதைச் சொல்லுங்கள்.

வலையைக் கழற்றி மேல் மடிப்பைப் பாருங்கள். நாங்கள் மெத்தையைப் பத்துத் தடவை புரட்டிப் பார்த்தோம், அது இருந்தது வலை கட்டும் நாடாவின் தையலுக்குள். வளர்ந்தது ஐந்து, ஆறு மில்லிமீற்றர் இருக்கும், தட்டையாக, மண்ணிறமாக. குஞ்சு வெளிறிப்போய் இருக்கும், குடித்த பிறகுதான் சிவப்பாகத் தெரியும். உரித்துப் போட்ட மெல்லிய தோலும் கிடக்கும். விடியப்புறத்தில்தான் கூடுதலாக வெளியே வரும், ஆனால் நீங்கள் முழித்துக் கிடக்க வேண்டாம், தையலையும் பலகைப் பொருத்தையும் பகலில் பார்த்தாலே போதும். அப்புறம், பிள்ளையின் விரல் இடுக்கிலும் சொறி இருந்தால் அது வேறு விசயம், டொக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சாய்ந்தமருது தளபாடம்:
தங்கச்சி, நான் கட்டில் திருத்துகிறவன். பழைய கட்டில் வந்தால் நான் முதலில் பார்ப்பது தலைமாட்டுப் பலகை காலோடு சேரும் இடத்தையும் ஸ்குரூ ஓட்டையையும்தான். ஒரு தாள் நுழையும் வெடிப்பு இருந்தால் போதும், அதற்குள் முட்டையும் இருக்கும், ஒரு மில்லிமீற்றர், வெள்ளை, பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கும், தட்டினால் விழாது.

கட்டிலை முழுதாகக் கழற்றி முற்றத்துக்குக் கொண்டுபோங்கள். நல்லாக் கொதித்த தண்ணியைப் பொருத்துகளுக்குள் மெதுவாக ஊற்றுங்கள், பிள்ளை கிட்ட வரக்கூடாது. தேக்கு தாங்கும், ஒட்டுப்பலகை என்றால் ஊதிவிடும், அதற்கு இதைச் செய்ய வேண்டாம். மெத்தையைச் சும்மா வெயிலில் போடுவதில் பெரிய பலன் இல்லை, பூச்சி கீழ்ப்பக்க நிழலுக்கு நகர்ந்துவிடும். உண்மையைச் சொன்னால் அந்தத் தும்பு மெத்தையை நான் வைத்துக்கொள்ள மாட்டேன். தும்புக்குள் போனதை யாராலும் வெளியே எடுக்க முடியாது. எறிவதென்றால் பொலித்தீனில் இறுக்கிக் கட்டி, உறையையும் கிழித்துவிட்டு எறியுங்கள், இல்லாவிட்டால் றோட்டில் போகிற ஒரு ஏழை மனிசர் தூக்கிக்கொண்டு போவார்.

உடுப்பு, பெட்சீட், வலை எல்லாம் கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணியில் ஊறப் போட்டு வெயிலில் காயப் போடுங்கள். கட்டிலைத் திரும்பப் பூட்டினால் சுவரில் முட்டாமல் ஒரு அடி தள்ளி வையுங்கள், கால்களுக்குக் கீழே சவர்க்காரத் தண்ணிக் கிண்ணம் வையுங்கள். நம்ம நாட்டுச் சூட்டில் இருக்கிற இனம் வழுவழுப்பான பக்கத்திலும் ஏறும், வெறும் கிண்ணத்தை நம்ப ஏலாது.

தம்பிலுவில் அம்மம்மா:
மகள், மருந்து கேட்டதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். வயலுக்கு அடிக்கிற மருந்தை வீட்டுக்குள் அடிக்காதே. நெல்லுக்குள் பூச்சிக்கு வைக்கிற குளிசை இருக்கிறதே, அதை அறைக்குள் வைத்துவிடவே கூடாது, அதன் புகை பக்கத்து அறையில் தூங்குகிறவரையும் கொன்றுவிடும். மண்ணெண்ணெயும் வேண்டாம். கடையில் விற்கிற ஸ்பிரேயும் இப்போது பல இடங்களில் இதற்கு வேலை செய்வதில்லை, சாகாமல் மற்ற அறைக்கு ஓடும். எங்கள் காலத்தில் பன்பாயைச் சுருட்டி முற்றத்தில் அடித்து, கட்டிலுக்குச் சுடுதண்ணி ஊற்றி ஊற்றியேதான் ஒழித்தோம், ஒரு நாளில் இல்லை. வெட்கப்படாதே, இது அழுக்கால் வருவதில்லை, சாமானோடு வருவது. இந்தப் பூச்சியால் நோய் பரவுவதாகவும் இல்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ, பெற்றவளிடம் மறைக்க என்ன இருக்கிறது.

புதுவீட்டுக்காரி:
பஞ்சு துருநிறமாகத்தான் வந்தது. இன்றைக்குக் கட்டிலைக் கழற்றினோம், தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் ஸ்குரூ ஓட்டையைச் சுற்றி ஏழெட்டு உயிரோடு, அவர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய் அண்டாவில் தண்ணி வைத்தார். மெத்தை கிழித்துக் கட்டியாகிவிட்டது. மகளின் துணிப் பொம்மையைச் சுடுதண்ணியில் போட மனம் வரவில்லை, ஒரு வாரத்துக்கு டீப் ஃபிரீசரில் வைத்திருக்கிறேன், தினமும் போய்க் கதவைத் தட்டிப் பார்க்கிறாள்.

அம்மாவிடம் சொன்னேன். உடுப்பைப் பொலித்தீனில் கட்டிக்கொண்டு வா, முற்றத்திலேயே மாற்றலாம் என்றார். முட்டை பொரிக்க ஒரு கிழமை, பத்து நாள் ஆகுமாம், அதனால் பத்தாம் நாள் இன்னொரு தடவை சுடுதண்ணி ஊற்றக் கலண்டரில் குறித்திருக்கிறேன், மாரி தொடங்க முன்னம் முடித்துவிட வேண்டும். இன்றிரவு மூன்று பேரும் ஹோலில் பாயில்தான்.

சாய்ந்தமருது தளபாடம்:
தங்கச்சி, ஹோலில் படுத்தால் அதுகளும் ஆளைத் தேடி ஹோலுக்கு வரும். அந்த அறையிலேயே, துடைத்த நிலத்தில், சுவரை விட்டுத் தள்ளிப் படுங்கள்.